"எங்கள் ஊரில் இல்லை" – இந்த விடை தவறா?



ஆசிரியர் ஒருவர் தாம் போட்ட தவறுக் குறியைப் பற்றித் தாமே எழுதுவது வழக்கமில்லை. ஆயினும் எழுதுகிறேன். இது என் ஒருத்தியின் வகுப்பறையில் மட்டும் நடக்கும் தவறு அன்று என்பதே காரணம்.

சில மாதங்களுக்கு முன்பு, ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்காகக் கருத்துணர்தல் பயிற்சி ஒன்றைத் தயாரித்தேன். கேமரன் மலைக்குச் சென்றிருந்தபோது, கண்ணாடிச் சட்டத்துக்குள் குண்டூசி குத்தி வைக்கப்பட்டிருந்த ஒரு வண்டைப் பார்த்தேன். பிடில் வாத்தியத்தின் வடிவில் இருந்ததால் மலாய்மொழியில் அதனைக் 'கும்பாங் பியோலா' என்கின்றனர். அதையே பாடப்பொருளாக எடுத்துக்கொண்டு, பிடில் வண்டு என்று தமிழில் பெயரிட்டு, அரைப்பக்கம் எழுதி, கீழே ஆறு கேள்விகள் கொடுத்தேன்.

நான்காவது கேள்வி: பிடில் வண்டு எங்கு வாழ்கிறது?

விடை பகுதியிலேயே இருந்தது. மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து. வகுப்பில் எல்லாரும் அதைப் பார்த்து அப்படியே எழுதினர். ஒரு மாணவன் மட்டும் "எங்கள் ஊரில் இல்லை" என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று, ஓய்வு நேரத்தில் அவன் என் மேசைக்கு வந்தான்.

"டீச்சர், நான் தேடிப் பார்த்தேன். ரெண்டு ராத்திரி டார்ச்சு எடுத்துக்கிட்டு தாத்தாகூட செம்பனைக்குப் போனேன். மட்டையெல்லாம் புரட்டிப் பார்த்தோம். இல்ல டீச்சர். மலேசியான்னு போட்டிருக்கே, நம்ம ஊரும் மலேசியாதானே?"

எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. "பிறகு சொல்கிறேன்" என்று அனுப்பிவிட்டேன். அன்று சொல்லத் தவறியதைத்தான் இங்கு எழுதுகிறேன்.

வண்டின் தோற்றம்

முதலில் அந்த வண்டைப் பார்ப்போம்.

தரையிலும் மரப்பட்டையின் அடியிலும் ஓடித்திரிந்து பிற பூச்சிகளைத் தின்னும் ஒரு பெரிய வண்டுக் குடும்பம் உள்ளது. தமிழில் தரைவண்டுகள் எனலாம். உலகம் முழுவதும் ஏறத்தாழ 40,000 இனங்கள் அறியப்பட்டுள்ளன. நீண்ட கால்கள், நூல் போன்ற உணர்கொம்புகள், முன்னோக்கி நீண்ட கூரிய தாடை, முதுகின் சிறகுறையில் உழவுச்சால் போல நெடுக ஓடும் கோடுகள் ஆகியவை இவற்றுள் பெரும்பாலானவற்றின் பொது அடையாளங்கள்.

பிடில் வண்டும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால், பார்த்தால் நம்ப முடியாது. ஆறு முதல் பத்து சென்டிமீட்டர் வரை நீளம். தலையும் கழுத்தும் பிடிலின் கைப்பிடி போல ஒடுங்கி நீண்டிருக்கும். சிறகுறைகள் இரு பக்கமும் காய்ந்த இலைபோல, ஒளி ஊடுருவும் மெல்லிய தகடாக விரிந்திருக்கும். உடலோ தட்டை. புத்தகத்தின் நடுவில் வைத்து மூடி எடுத்தது போன்ற தட்டை.

இந்தத் தட்டை உடல் அழகுக்காக வந்ததன்று. மழைக்காட்டில் பட்டுப்போன பெருமரங்களில், சுவரில் அடித்த பலகைபோல நீட்டிக்கொண்டு தடித்த காளான்கள் வளரும். இவ்வண்டின் புழு அத்தகைய காளானைக் குடைந்து, அதனுள்ளேயே பல மாதங்கள் வளர்கிறது. வளர்ந்த வண்டு அக்காளானின் அடியிலும் உரிந்த மரப்பட்டையின் இடுக்கிலும் நுழைந்து, அங்குள்ள புழு பூச்சிகளை வேட்டையாடுகிறது. இடுக்கில் வாழ்கிறது, ஆகவே தட்டையாக இருக்கிறது. பகைவர் நெருங்கினால் எரிச்சலூட்டும் அமிலத்தைப் பீய்ச்சவும் அதற்குத் தெரியும்.

வண்டின் உருவத்தைச் சரியாகப் படித்தால் அதன் முகவரி கிடைத்துவிடும். "பிடில் போல இருக்கும்" என்று மட்டும் எழுதிய என் பயிற்சியில் அந்த முகவரி இல்லை.

நாட்டின் பெயர் முகவரி ஆகுமா?

ஓர் உயிரினம் எங்கெங்குக் காணப்படுகிறதோ, அந்தப் பரப்பை அதன் 'பரவல்' என்கிறோம். பிடில் வண்டின் பரவலாக நூல்கள் கூறுவன: தென் தாய்லாந்து, தீபகற்ப மலேசியா, சுமத்திரா, யாவா, போர்னியோ. இவை யாவும் உண்மையே. ஆனால், இவை வெறும் நாட்டுப் பெயர்களும் தீவுப் பெயர்களும். வண்டுக்குக் கடப்பிதழ் கிடையாது. அதற்கு வேண்டியது மழைக்காடு, அக்காட்டில் பட்டு நிற்கும் பெருமரம், அம்மரத்தில் காளான். இம்மூன்றும் உள்ள இடத்தில்தான் அது மலேசியாவில் வாழ்கிறது. இம்மூன்றும் இல்லாத மலேசியாவில் அது இல்லை.

நம் ஹுத்தான் மெலிந்தாங்கை எண்ணிப் பாருங்கள். 'ஹுத்தான்' என்றால் காடு. 'மெலிந்தாங்' என்றால் குறுக்கே கிடப்பது. குறுக்கே கிடக்கும் காடு என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும் ஊரில், இன்று கண்ணுக்கு எட்டிய தூரம் வரை செம்பனைதான் நிற்கிறது. நம் வட்டாரத்தின் ஜெண்டராத்தா தோட்டம், டென்மார்க்கு நாட்டைச் சேர்ந்த ஆகே வெஸ்தன்ஹோல்ஸ் என்பவரால் 1906-ஆம் ஆண்டில் இரப்பர்த் தோட்டமாகத் தொடங்கப்பட்டது. பிறகு இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பெர்ணம் ஆற்றைக் கடந்து சிலாங்கூருக்குள் போனால் சுங்கை காராங், ராஜா மூசா எனச் சதுப்புக் காப்புக்காடுகள் உள்ளன. பேராவின் வடக்கே 2007-இல் மாநிலப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட ரோயல் பெலும் மழைக்காடு உள்ளது. கிழக்கே மலைத்தொடரில் காடு உள்ளது. நம் ஊரில் பெயரில் மட்டும் காடு உள்ளது.

வரைபடத்தில் மலேசியா முழுவதற்கும் ஒரே பச்சை வண்ணம் பூசி, "இங்கு வாழ்கிறது" என்று காட்டுவது எளிது. அந்த வண்ணத்தை நம்பித்தான் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் இரண்டு இரவுகள் செம்பனை மட்டைகளைப் புரட்டினான். இல்லாததை இல்லை என்று எழுதினான். ஆய்வாளர் காட்டில் செய்வதும் இதைத்தான். எந்த இடத்தில் தேடினோம், எத்தனை முறை தேடினோம், கிடைத்ததா என்று குறித்து வைக்கின்றனர். அத்தகைய குறிப்புகள் பல சேர்ந்தே ஒரு பரவல் வரைபடம் உருவாகிறது. என் மாணவன் அப்படியொரு குறிப்பைத் தந்தான். அதற்கு நான் கொடுத்த மதிப்பெண் சுழியம்.

வந்த வண்டும் வராத வண்டும்

பரவலைப் பற்றிப் பேசும்போது நம் ஊர்ப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டிய இன்னொரு கதை உண்டு. அது நம் வீட்டுக் கதையும் ஆகும்.

என் அம்மா பால்மரம் சீவப் போனவர். தோட்டம் மாறிய பிறகு செம்பனைக்குப் போனார். அக்காலத்தில் செம்பனைப் பூவில் தானாக மகரந்தம் சேருவது போதவில்லை. மகரந்தத்தை முகப்பவுடர் போன்ற வெள்ளைத் தூளோடு கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண்பூவின் மேல் மனிதர்கள்தாம் தூவ வேண்டியிருந்தது. மாலையில் வீடு திரும்பும் அம்மாவின் முக்காட்டிலும் புருவத்திலும் அந்தத் தூள் படிந்திருக்குமாம். அக்கா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

1981-ஆம் ஆண்டு அந்த வேலை முடிவுக்கு வரத் தொடங்கியது. ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் செம்பனைப் பூக்களில் மொய்க்கும் ஒரு சிறிய கூன்வண்டே மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கிறது என்பதை ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளர் ஆராய்ந்து கண்டறிந்திருந்தார். பிற பயிர்களுக்கு அதனால் கேடு வராது என்று சோதித்த பின்னர், அவ்வண்டு மலேசியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, ஜொகூரில் முதன்முதலாக விடப்பட்டது. அரிசிமணி அளவுகூட இல்லாத அந்த வண்டு, சோம்பு மணக்கும் செம்பனைப் பூவைத் தேடித் தோட்டம் தோட்டமாகப் பரவியது. இன்று நம் பள்ளி வேலிக்கு அப்பால் நிற்கும் மரத்தில் ஆண்பூவைத் தட்டினால் நூற்றுக்கணக்கில் கொட்டும். நம் அம்மாக்கள் செய்த வேலையைக் கூலியில்லாமல் அவை செய்துகொண்டிருக்கின்றன.

செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. இரப்பரின் தாயகம் பிரேசில். இந்நாட்டின் முதல் இரப்பர்க் கன்றுகள் சில 1877-இல் நம் பேராவிலேயே, கோலாகங்சாரில் நடப்பட்டன. செம்பனையில் மொய்க்கும் வண்டு கேமரூனிலிருந்து வந்தது. அம்மரங்களை வளர்த்த நம் முன்னோர் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தனர்.

கப்பலேறாத வண்டும் உண்டு. இந்தியத் துணைக்கண்டத்தின் வறண்ட நிலங்களில் ஆறுபுள்ளித் தரைவண்டு வாழ்கிறது. நாற்பது மில்லிமீட்டர் நீளம், கன்னங்கரிய உடல், கழுத்துப் பகுதியில் இரண்டு, முதுகில் நான்கு என ஆறு வெள்ளைப் புள்ளிகள். 1775-இல் பாபிரீசியஸ் என்ற அறிஞர் அறிவியல் உலகுக்கு அதனை விவரித்தார். அதன் சிறகுறைகள் ஒட்டிப்போனவை, பறக்க இயலாது, ஓடத்தான் முடியும். கடல் அதற்கு எல்லை. நம் பாட்டன்மார் அதைப் பார்த்திருக்கக்கூடும். நம் பிள்ளைகள் இங்கு பார்க்க முடியாது.

ஆக, பரவல் என்பது கல்லில் வெட்டிய எழுத்தன்று. சில உயிர்கள் வருகின்றன, சில தங்குகின்றன, சில பின்வாங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. எது வந்தது, எது முன்பே இருந்தது, எது போயிற்று என்பதை யார்மீதும் பழி சுமத்தாமல், காரணத்தோடு சொல்லப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். வந்தவர் யார் என்ற பேச்சை அடிக்கடி கேட்டு வளரும் நம் பிள்ளைகளுக்கு இந்தத் தெளிவு மிகவும் தேவை.

பூச்சாண்டி காட்டுகிறோம்

பிடில் வண்டுக்கு 1825-இல் ஹாகன்பாக் என்ற அறிஞர் சூட்டிய அறிவியற்பெயர் 'மோர்மோலிசி பிலோடஸ்'. இரண்டாம் சொல்லுக்கு இலை போன்றது என்று பொருள். முதற்சொல், பழைய கிரேக்கத்தில் குழந்தைகளை அச்சுறுத்தச் சொல்லப்பட்ட ஒரு பேயின் பெயர். நம் மொழியில் சொன்னால் 'இலைப் பூச்சாண்டி'!

படித்தபோது சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு வரவில்லை. நாமும் பூச்சி என்றாலே பூச்சாண்டிதானே காட்டுகிறோம்? வகுப்பறைக்குள் ஒரு வண்டு நுழைந்தால் ஆசிரியரே முதலில் துடைப்பத்தைத் தேடுகிறார். வீட்டில் பெற்றோர் காலணியைக் கழற்றுகின்றனர். அது என்னவென்று ஒருவரும் கேட்பதில்லை.

அஞ்ச வேண்டியதற்கு அஞ்சத்தான் வேண்டும். 'செமுட் சார்லி' என்று நாம் அறிந்த செம்மஞ்சளும் கருமையும் கலந்த சிற்றுயிர் உடலில் நசுங்கினால் தோல் வெந்து கொப்புளிக்கும். இங்கும் உற்றுப் பார்த்தால் ஒரு பாடம் உண்டு. செமுட் என்றால் எறும்பு. ஆனால், அது எறும்பே அன்று. குட்டைச் சிறகுறை கொண்ட வண்டு. இதைப் படத்தோடு பிள்ளைக்குக் காட்டிவிட்டால், எதைத் தொடக்கூடாது என்பது தெரிந்துவிடும். எல்லாவற்றையும் மிதிக்க வேண்டிய தேவையும் இராது.

சார்லசு டார்வின் இளமையில் வண்டுப் பித்தர். ஒருநாள் பழைய மரப்பட்டையை உரித்தபோது இரண்டு அரிய வண்டுகள் கிடைக்க, கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டார். மூன்றாவதும் தென்பட்டது. கையிலிருந்த ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு அதைப் பிடிக்கப் பார்த்தார். வாயில் போட்டது காரமான நீரைப் பீய்ச்ச, நாக்கு வெந்து துப்பிவிட்டார். மூன்றாவது வண்டும் கைநழுவிப் போயிற்று. முதுமையில் தன்வரலாற்றில் இதை அவரே எழுதிவைத்தார். நம் பிள்ளைகள் வண்டை வாயில் போட வேண்டா. அந்த ஆர்வத்தில் கால்பங்கு இருந்தால் போதும்.

நாம் செய்யக்கூடியவை

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே! குறை சொல்வதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. நான் தொடங்கியவற்றை இங்குச் சொல்கிறேன்.

1. "எந்த நாட்டில் வாழ்கிறது?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். "எத்தகைய இடத்தில் வாழ்கிறது? நம் ஊரில் அத்தகைய இடம் உண்டா?" என்று கேட்கிறேன். முதற்கேள்விக்கு மனப்பாடம் போதும். இரண்டாவதற்குச் சன்னலுக்கு வெளியே பார்த்தாக வேண்டும்.

2. உருவத்தைக் கேட்டால் காரணத்தையும் கேட்கிறேன். ஆறு கால், மூன்று உடற்பகுதி என்பதோடு அறிவியல் முடிந்துவிடுவதில்லை. ஏன் தட்டை? ஏன் நீண்ட கால்? ஏன் இலை நிறம்?

3. பள்ளித் தோட்டத்தில் பழைய நெகிழிக் குவளை ஒன்றை, வாய் மண்மட்டத்தோடு சமமாக இருக்கும்படி புதைத்து வைத்தோம். மழைநீர் புகாமலிருக்க மேலே சாய்வாக ஓர் ஓட்டுத்துண்டு. இரவில் ஓடித்திரியும் தரைவண்டுகள் தவறி விழும். காலையில் பார்த்து, வரைந்து, அளந்து, கையால் தொடாமல் அங்கேயே விட்டுவிட வேண்டும். முதல் வாரத்தில் எறும்பும் மரவட்டையும்தாம் கிடைத்தன. இரண்டாம் வாரத்தில் கரும்பளபளப்பான ஒரு சிறு தரைவண்டு விழுந்திருந்தது. காலைச் சபைக்கூடலில் பாதி மாணவர் வரிசையில் இல்லை. குவளையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தனர்.

4. வகுப்புக்கு ஒரு குறிப்பேடு. நாள், இடம், கண்டது, காணாதது. நான்காவது கட்டம் முக்கியம். 'தேடினோம், இல்லை' என்று எழுதவும் அதில் இடம் உண்டு.

5. பெயர் தமிழில் எழுதப்படுகிறது. தெரிந்த பெயர் இருந்தால் அது. இல்லாவிட்டால் பிள்ளைகள் உருவத்தைப் பார்த்துச் சூட்டுவது. பக்கத்தில் மலாய்ப் பெயர்.

கடைசிக் கருத்தைச் சிலர் ஏற்கமாட்டார்கள். 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறியதையும், 2009-இல் அரசு அம்முடிவைக் கைவிட்டதையும் நாம் பார்த்தோம். 2016 முதல் இருமொழித் திட்டம் பற்றிய வாதமும் கேட்டோம். எந்த மொழியில் கற்பிப்பது என்று பெரியவர்கள் வாதாடிக்கொண்டிருந்த ஆண்டுகளில், தாத்தாவும் பேரனும் சேர்ந்து ஒரு வண்டைத் தேடும்போது எந்த மொழியில் பேசிக்கொள்வார்கள் என்று நாம் கேட்கவே இல்லை. அந்தச் சிறுவன் தாத்தாவிடம் போய்த் தேடலைத் தொடங்க முடிந்தது, பயிற்சி தமிழில் இருந்ததால்தான். அறிவியல் தமிழில் இருந்தால், செம்பனைக் காட்டை நாற்பதாண்டு அறிந்த முதியவரும் அதற்கு ஆசிரியர் ஆகலாம்.

"தேர்வுக்கு வராததைக் கற்பிப்பானேன்?" என்று முன்பு நானும் கேட்டதுண்டு. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. அந்தச் சாக்கும் இப்பொழுது நம்மிடம் இல்லை.

திருத்திய விடை

அந்தத் தாளை அவனிடமிருந்து திரும்ப வாங்கினேன். வகுப்பின் முன் நின்று, நான்காம் கேள்விக்கு நான் எழுதிவைத்த விடை குறைவுடையது என்று சொன்னேன். கரும்பலகையில் புதிய விடையை எல்லாரும் சேர்ந்து எழுதினோம்:

"பிடில் வண்டு மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து ஆகிய நாடுகளின் மழைக்காடுகளில், பட்டுப்போன பெருமரங்களின் காளான்களிலும் பட்டைகளிலும் வாழ்கிறது. ஹுத்தான் மெலிந்தாங் செம்பனைத் தோட்டத்தில் இரண்டு இரவுகள் தேடியும் கிடைக்கவில்லை."

இரண்டாம் வாக்கியம் அவனுடையது. சிவப்புக் கோட்டின் மேலேயே சரி என்று குறியிட்டு, மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு இருக்கைக்குப் போனவன் பாதி வழியில் திரும்பினான்.

"டீச்சர், அப்ப காடு இருக்கிற இடத்துக்கு எப்ப கூட்டிக்கிட்டுப் போவீங்க?"

இந்தக் கேள்விக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் விடை தேடலாம் என்றிருக்கிறேன். தாப்பா வழியாக மலையேறினால் ஒரு பேருந்து, ஒரு நாள் செலவு. இம்முறை கண்ணாடிச் சட்டம் விற்கும் கடைகளில் இறங்கப் போவதில்லை.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
ஹுத்தான் மெலிந்தாங், பேரா.